படம் எப்டிண்ணே?

தியேட்டர் பைக் ஸ்டாண்டில் டோக்கன் வாங்குகிற தம்பிதான் நம் ஊரின் முதல் விமர்சகர். டோக்கனைக் கையில் வாங்கும்போதே, முகத்தைக்கூடப் பார்க்காமல், “படம் எப்டிண்ணே?” என்பார். கேள்வியில் தொழில் அக்கறை உண்டு. படம் ஓடினால்தான் ஸ்டாண்ட் நிறையும். “பரவால்லப்பா, ஒருவாட்டி பாக்கலாம்” என்று பதில் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்வார். “செகண்ட் ஹாஃப் இழுவ” என்றால் சனிக்கிழமையே சந்தேகம். பதிலே சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்களைத்தான் அவரால் கணிக்க முடிவதில்லை. அவர்களில் பாதிப்பேர் காசு போன கடுப்பில் இருப்பவர்கள். மீதிப்பேர், வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பேசாமல் போகிறவர்கள்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு கூட்டத்தையும் பற்றியது. உலக சினிமா தேடிப் பார்ப்பவர்கள், ஷாட் எண்ணுகிறவர்கள், முதல் நாள் முதல் காட்சிக்குப் பாலாபிஷேகம் செய்கிறவர்கள் எல்லாருக்கும் பேச மேடை இருக்கிறது. பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, நடுவில் பிள்ளைகள் நச்சரித்தால் ஒன்று, மற்றதெல்லாம் டிவியிலோ செல்போனிலோ என்று படம் பார்க்கிற சாதாரண ஆளுக்கு அது இல்லை. ஆனால் அவரிடம் போய் உட்கார்ந்து பேசினால் தெளிவான இரண்டு பட்டியல்கள் கிடைக்கின்றன: என்னை ஏமாற்றிய படம், என்னை உலுக்கிய படம். காரணம் கேட்டால் கொஞ்சம் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்துக்குள்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். மோசமான படம் யாரையும் ஏமாற்றுவதில்லை. பேர் தெரியாத படத்துக்கு மழைக்கு ஒதுங்கியது மாதிரி போய்ச் சிரித்துவிட்டு வருகிறவர்கள் அதை வருஷக்கணக்கில் கிண்டலடித்தே சந்தோஷப்படுகிறார்கள். ஏமாற்றம் வேறு ரகம். அதற்கு முன்கூட்டியே கொஞ்சம் பிரியம் வேண்டும். டிரெய்லரைப் பத்துப் பேருக்கு அனுப்பியிருக்க வேண்டும். வீட்டில் நான்கு பேரைக் கிளப்பி, டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் என்று ஆயிரத்தைத் தாண்டிச் செலவழித்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது, “ஏங்க, இதுக்கு வீட்லயே இருந்திருக்கலாம்ல?” என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அது ஏமாற்றம்.

தாத்தா வந்தார், யாருக்காக?

அண்மைக் காலத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் வந்து விழுகிற பெயர் ‘இந்தியன் 2’. 2024 ஜூலை 12-ல் வந்தது. ஷங்கர், கமல், இருபத்தெட்டு வருடக் காத்திருப்பு. மூன்று மணி நேரப் படம். வெளியான சில நாட்களிலேயே 12 நிமிடத்தை வெட்டினார்கள். திருச்சியில் ஆட்டோ ஓட்டுகிற நண்பர் ஒருவர் இதைப் பற்றிச் சொன்னது, நான் படித்த எந்த விமர்சனத்தையும்விடக் கச்சிதம்: “தாத்தா வர்றாரு, வர்மம் பண்றாரு, எல்லாம் சரி. யாருக்காகப் பண்றாருன்னுதான் தெரியலண்ணே.”

அவர் சொன்னதை வைத்துக்கொண்டு 1996-ல் வந்த ‘இந்தியன்’ படத்தை நினைத்துப் பாருங்கள். சேனாபதி சுதந்திரப் போராட்ட வீரர் என்பதெல்லாம் முன்கதை. நமக்கு அவர் ஒரு அப்பா. தீக்காயத்தோடு மகள் கிடக்கிறாள், ஆஸ்பத்திரியில் லஞ்சம் கேட்கிறார்கள், கொடுக்க மாட்டேன் என்று அலைகிறார், மகள் போய்விடுகிறாள். தியேட்டரில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தில், ஏதாவது ஒரு ஜன்னல் முன்னால் அப்படி நின்றவர்கள்தான். அதனால்தான் பின்னால் அவர் கத்தியை எடுக்கும்போது, சட்டம் படித்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். கடைசியில் லஞ்சம் வாங்கிய சொந்த மகனையே கொல்லப் போகும்போது, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டும் என்றும் சொல்ல முடியவில்லை. அந்தச் சங்கடம்தான் படம்.

இரண்டாம் பாகத்திலும் ஒரு சாவு உண்டு. சித்தார்த்தின் அம்மா. கணவனின் ஊழலை மகனே அம்பலப்படுத்த, அவமானம் தாங்காமல் உயிரை விடுகிறாள். கொள்ளிவைக்கக்கூட மகனை விடமாட்டேன் என்கிறார் அப்பா. காகிதத்தில் எழுதினால் இது முதல் பாகத்துக்குக் குறைந்த துயரமில்லை. ஆனால் அந்த அம்மா நமக்குப் பழக்கமில்லை. அவர் என்ன சமைப்பார், மகனை எப்படித் திட்டுவார், எதற்குச் சிரிப்பார், ஒன்றும் தெரியாது. தெரியாத வீட்டுச் சாவுக்குத் தெருவில் ஒதுங்கி வழிவிடுவோம், அழ மாட்டோம்.

ஏமாற்றத்தில் இன்னொரு வகை, படத்துக்குள் இல்லாத ஒன்றுக்காக ஏமாறுவது. 1987-ன் ‘நாயகன்’ படத்துக்குப் பிறகு மணிரத்னமும் கமலும் மறுபடி சேர்ந்த ‘தக் லைஃப்’ 2025 ஜூன் 5-ல் வந்தது. அதற்கு முன்னால், இசை வெளியீட்டு மேடையில் ‘முத்த மழை’ பாட்டைச் சின்மயி பாடிய வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அந்தப் பாட்டு எந்த இடத்தில் வருகிறது, யார் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வருகிறது என்று அவரவர் மனதில் ஒரு காட்சி ஓடியிருக்கும். படத்தில் பாட்டே இல்லை. ரசிகர்கள் தாங்களாகவே எடுத்துவைத்திருந்த அந்தக் காட்சியோடு எந்த இயக்குநரும் போட்டி போட முடியாதுதான். இருந்தாலும் காத்திருந்தவருக்கு அது வலிக்காமல் இருக்குமா?

‘பாபா’ கதை எல்லாருக்கும் தெரியும். 2002 ஆகஸ்டில் வந்து, எதிர்பார்த்தது போல ஓடாமல், விநியோகஸ்தர்களின் நஷ்டத்தை ரஜினியே திருப்பிக் கொடுத்த படம். இருபது வருடம் கழித்து, 2022 டிசம்பரில், வெட்டிச் சுருக்கி மறுபடி வெளியிட்டார்கள். அப்போது வந்த கூட்டம் கைதட்டி ரசித்தது. ஏமாற வேண்டியதை ஒருமுறை ஏமாந்து தீர்த்துவிட்டால், அப்புறம் அதே படத்தை நிம்மதியாகப் பார்க்கலாம் போலிருக்கிறது.

இரண்டு பாயின்ட் குறைங்க

2024 நவம்பர் 14-ல் வந்த ‘கங்குவா’வில் நடந்தது நம் சினிமாவில் அபூர்வமானது. படம் பிடிக்கவில்லை என்பதற்கு முன்னால், காது வலிக்கிறது என்றார்கள். தயாரிப்பாளர் ஞானவேல்ராஜாவே, ஒலியை இரண்டு பாயின்ட் குறைத்து ஓட்டும்படி தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். படத்தைத் தூக்கிப் பேசி இன்ஸ்டாகிராமில் எழுதிய ஜோதிகாவே, முதல் அரை மணி நேரம் சரியாக அமையவில்லை, சத்தம் உறுத்துகிறது என்பதை மறைக்கவில்லை.

இதை வெறும் ஒலிக்கலவைப் பிரச்சினையாகப் பார்க்கத் தோன்றவில்லை. ஒரு பாத்திரத்தின் மேல் நமக்குக் கவலை வரவில்லை என்று படம் எடுப்பவருக்கே உள்ளுக்குள் சந்தேகம் இருந்தால், முதலில் ஏறுவது சத்தம். வில்லன் பல்லைக் காட்டுவான், ஹீரோ கர்ஜிப்பார், பின்னணியில் முரசும் உறுமலும். கவலை இருந்தால் ஒரு செருப்புச் சத்தம் போதும். ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சியில் ஊட்டிப் பக்கத்து ரயில் நிலையத்தில் கமல் குரங்குச் சேட்டை செய்து காட்டுவதைப் பார்த்து 1982-லிருந்து அழுதுகொண்டிருக்கிறோம். ஸ்ரீதேவி ஜன்னல் வழியாக யாரோ பைத்தியம் என்று பார்க்கிறார். ரயில் கிளம்புகிறது. அந்த மனிதன் அவளை எப்படிப் பார்த்துக்கொண்டான் என்பது ரயிலில் இருக்கும் அவளுக்குத் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். அதைச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை.

சத்தம் போட்டு அழவைத்த காலமும் இருந்தது. 1961-ல் பீம்சிங் இயக்கிய ‘பாசமலர்’ வந்தபோது கைக்குட்டை இல்லாமல் போனவர்கள் முந்தானையில் துடைத்துக்கொண்டார்கள் என்று என் பாட்டி தலைமுறையில் சொல்லாதவர் இல்லை. இன்று அதே சிவாஜியும் சாவித்திரியும் மீம்ஸில் வருகிறார்கள், யாராவது அண்ணன் தங்கை கொஞ்சிக்கொண்டால், “போதும், பாசமலர்!” என்கிறார்கள். கிண்டலடிக்கிற பிள்ளைகளுக்கு இதயமில்லை என்று பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே பிள்ளைகள் ‘மெய்யழகன்’ பார்த்து மூக்கை உறிஞ்சியதை நேரில் பார்த்தாயிற்று.

2024 செப்டம்பர் 27-ல் வந்த அந்தப் படத்தில் அரவிந்த்சாமி தங்கை முறையுள்ள பெண்ணின் கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறார். வர மனசே இல்லை. சொத்துத் தகராறில் 1996-ல் தஞ்சாவூர் வீட்டைவிட்டு வெளியேறிய குடும்பம்; சொந்தங்களின் மேல் கசப்பு. தலையைக் காட்டிவிட்டு, மொய்ப்பொருளைக் கொடுத்துவிட்டு, ராத்திரி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்பதுதான் திட்டம். மேடையேறிப் பரிசை நீட்டுகிறார். அந்தப் பெண் அதை வாங்கி ஓரமாக வைக்கவில்லை. புகைப்படக்காரரையும் வரிசையில் நிற்கிறவர்களையும் காக்கவைத்துவிட்டு, அண்ணன் கொண்டுவந்ததை அங்கேயே பிரித்துப் பார்க்கிறாள். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். கொலுசை அண்ணன் குனிந்து அவள் காலில் மாட்டிவிடுகிறார். யாரும் தியாகம் செய்யவில்லை, யாருக்கும் கண் போகவில்லை, யாரும் சாகவில்லை. ஆனால் இது ‘பாசமலர்’ குடும்பத்துப் பேத்திதான். வயிற்றுக்குள் பிசைகிற இடம் அதேதான். அன்று முழுக்குரலில் பாடியதை இன்று மெல்ல முணுமுணுக்கிறார்கள், அவ்வளவே.

பானைச் சோறு

உலுக்கிய படம் எது என்ற கேள்விக்கு வயதுக்கேற்ப பதில் மாறுகிறது. ‘மகாநதி’ என்பவர்கள் அதை இரண்டாம் முறை பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். பெண் குழந்தையைப் பெற்ற பிறகு பார்க்கவே முடியாது என்று ஓர் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். ‘காதல்’, ‘அங்காடித் தெரு’, ‘பரியேறும் பெருமாள்’ மறுபடி மறுபடி வருகின்றன. அண்மையில் அதிகம் கேட்ட பெயர் ‘வாழை’.

மாரி செல்வராஜ் தன் சிறுவயது அனுபவத்திலிருந்து எடுத்த படம், 2024 ஆகஸ்ட் 23-ல் வந்தது. பள்ளிக்கூடப் பையன் சிவனைந்தன், லீவு நாளில் அம்மாவோடும் அக்காவோடும் வாழைத்தார் சுமக்கப் போகிறான். கழுத்து வலிக்கிறது, போக மாட்டேன் என்று அடம் பிடிக்கிறான். ரஜினி கமல் சண்டை போடுகிறான். பூங்கொடி டீச்சரின் கைக்குட்டையில் மயங்குகிறான். பாதிப் படம் இப்படியே சிரிப்போடு போகிறது. தாருக்கு ஒரு ரூபாய் கூலி கூட்டிக் கேட்கிறார்கள். கொடுத்த வியாபாரி அந்தக் காசை வேறு வழியில் மிச்சம் பிடிக்க, ஆட்களைத் தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்காரவைத்து அனுப்புகிறான். லாரி கவிழ்கிறது. ஒரு ரூபாய்க்கும் அத்தனை உயிருக்கும் நடுவில் உள்ள இந்தக் கணக்கை யாரும் வசனமாகப் பேசுவதில்லை. பார்க்கிறவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

பையன் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடம் போயிருந்தான். காலையிலிருந்து சாப்பிடவில்லை. பசி தாங்காமல் தோப்பில் ஒரு வாழைப்பழத்தைத் தின்று அடி வாங்கியிருக்கிறான். வீட்டுக்கு வந்தால் ஊரே ஓலமிடுகிறது. அவனுக்குத் துக்கம் இருக்கிறது, பசியும் இருக்கிறது. யாரும் பார்க்காதபோது பானையைத் திறந்து சோற்றை அள்ளுகிறான். அம்மா பார்த்துவிடுகிறாள், விரட்டுகிறாள்.

தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் சொன்னார்: “அந்தப் புள்ள பானையில கைய விட்டப்பவே டிவிய அமத்திட்டேன் தம்பி. ரெண்டு நாள் கழிச்சுத்தான் மிச்சத்தப் பாத்தேன். எங்க வீட்டுலயும் சாவு நடந்த அன்னிக்கு, நான் சின்னப் புள்ள, எனக்குப் பசிச்சிது. அதச் சொல்ல பயமா இருந்துச்சு.” விபத்துக்கு அழுவதா, சாதிக்கு அழுவதா, கூலிக்கு அழுவதா என்று கட்டுரை எழுதுகிறவர்கள் பிரித்துப் பார்க்கட்டும். அவர் அழுதது அந்தப் பசிக்கு. செத்துப்போன மகளுக்காக அழுத தாய், சோறு தின்னவிடாமல் விரட்டிய மகனுக்காகக் கதறும்போது, எனக்கும் வேறெதுவும் நினைவில் இல்லை.

இதே இடத்தை 1988-லேயே பாலு மகேந்திரா ‘வீடு’ படத்தில் இன்னும் குறைவாகச் சொல்லித் தொட்டிருக்கிறார். அர்ச்சனா ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்ல, சொந்தமாகக் கட்ட ஆரம்பித்து, கான்ட்ராக்டரிடமும் கடனிடமும் மாட்டி விழிபிதுங்குகிறார். கூடவே ஒரு தாத்தா. பழைய நாடக நடிகரான சொக்கலிங்க பாகவதர். ஒருநாள் அவர் தனியாகக் கிளம்பிப் போய், பாதி கட்டிய வீட்டைப் பார்க்கிறார். பூசாத செங்கல் சுவரைத் தடவுகிறார். ஒவ்வோர் அறையாக நடக்கிறார். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசை ஓடுகிறது. பேச்சுக்கு அங்கே வேலையே இல்லை. வீடு முடிவதைப் பார்க்காமலே அவர் போய்ச் சேர்ந்துவிடுகிறார். வீட்டுக்கடன் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தோறும் கட்டடத்தைப் போய்ப் போய்ப் பார்த்த எவருக்கும் அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. கவனித்துப் பார்த்தால் பெரும்பாலும் இப்படித்தான்: சாவு அழவைப்பதில்லை, அதற்கு முன்னால் அந்த ஆள் சுவரைத் தடவியதுதான் அழவைக்கிறது.

வெட்டுப்பட்ட பதினெட்டு நிமிடம்

ஆனால் சுவரைத் தடவ நேரம் வேண்டும். வியாபாரத்தில் அதற்குப் பேர் ‘லேக்’. ‘மெய்யழகன்’ வெளியான சில நாட்களிலேயே நீளம் என்று புகார் வர, பதினெட்டு நிமிடத்துக்கு மேல் குறைத்தார்கள். புகார் சொன்னவர்களில் நம் சாதாரணப் பார்வையாளரும் உண்டு. அவரை ரொம்பவும் தூக்கிப் பிடிக்க வேண்டாம். “ரெண்டு ஆம்பளைங்க ராத்திரி பூரா உக்காந்து பேசிக்கிட்டே இருக்காங்க, கதை எப்பங்க வரும்?” என்று தியேட்டரில் கேட்ட அதே அம்மாதான், ஒரு மாதம் கழித்து நெட்ஃபிளிக்ஸில் பார்த்துவிட்டு நாத்தனாருக்குப் போன் போட்டார். வீட்டில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நடுவில் குக்கரை அணைத்துவிட்டு வந்து பார்க்கும்போது, திரையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பது உறவினர்கள் வந்து பேசுவது போலவே இருக்கிறது. தியேட்டரில் காசு கொடுத்தவருக்கு ஏதாவது நடந்தாக வேண்டும்.

2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ தியேட்டரில் தோற்றதும், பிறகு டிவியிலேயே ஒரு தலைமுறையைச் சம்பாதித்ததும் இதே கதை. ரயில் விபத்தில் அடிபட்ட சிறுவனுக்கு மாதவன் ரத்தம் கொடுத்தும் அவன் பிழைக்காமல் போகிற இடத்தை, பண்டிகைக் கூட்டத்தோடு, பக்கத்து சீட்டில் விசில் சத்தத்தோடு பார்ப்பது கஷ்டம். ஒரு மதியம், தனியாக, விளம்பர இடைவேளையோடு பார்த்தவர்களே அதைச் சொந்தப் படமாக ஆக்கிக்கொண்டார்கள்.

இப்போது படம் வந்து நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகிறது. எட்டு வாரமாவது ஆகட்டும் என்று தியேட்டர்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். விளைவு, “அழுற படம்னா வீட்ல பாத்துக்கலாம்” என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பெரிய படத்துக்குத் தியேட்டரில் போய் ஏமாறுவது, சின்னப் படத்துக்கு வீட்டில் அழுவது என்று பாகம் பிரித்தாகிவிட்டது. எப்போதாவது கணக்கு மாறும். 2025 மே 1-ல் சூர்யாவின் ‘ரெட்ரோ’வோடு அதே நாளில் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’க்கு, இலங்கையிலிருந்து படகில் தப்பி வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைத் தெருவே தாங்கிக்கொள்ளும் கதைக்கு, பாட்டியோடு பேரனோடு குடும்பம் குடும்பமாகத் தியேட்டருக்குப் போனார்கள். போய் வந்தவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். வேறு ரகசியம் எதுவுமில்லை.

அப்படிச் சொல்வதைக் கண்டுதான் தயாரிப்பாளர்கள் இப்போது அஞ்சுகிறார்கள். ‘கங்குவா’வுக்குப் பிறகு, தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டும் யூடியூபர்களை உள்ளே விடக்கூடாது என்றார்கள். முதல் மூன்று நாள் விமர்சனமே வரக்கூடாது என்று 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். அப்படி இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. வாசலில் காசு வாங்கிக்கொண்டு திட்டுகிறவர்கள், வாங்காததால் திட்டுகிறவர்கள் இருவரும் இருக்கிறார்கள் என்று தயாரிப்பாளர்கள் புலம்புவதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த மூன்று நாள் யாருக்குத் தேவை என்று யோசிக்க வேண்டும். ஆயிரம் தியேட்டரில் இறங்குகிற படத்துக்கு மௌனம் லாபம். பாலாவின் ‘சேது’ 1999 டிசம்பரில் வாங்க ஆளில்லாமல் கிடந்து, கைவிரலில் எண்ணக்கூடிய தியேட்டர்களில்தான் வந்தது. பார்த்தவர்கள் வெளியே வந்து பக்கத்தில் இருந்தவரைப் பிடித்துச் சொன்னார்கள், காட்சிகள் கூடின, நூறு நாள் ஓடியது. அன்றைக்கு யாராவது மூன்று நாளைக்கு அவர்கள் வாயைக் கட்டிப்போட்டிருந்தால், நாலாம் நாள் அந்தத் தியேட்டரில் வேறு போஸ்டர் ஒட்டியிருப்பார்கள்.